பிறேமாவுக்குத் தனிக் கோப்பை கிடையாது

எசன்
8.3.2026
தவக்காலத்து மூன்றாம் ஞாயிறு

பாசத்துக்குரிய ஜேசுரட்ணம் அண்ணைக்கும் பவளம் அண்ணிக்கும்,

தங்கை சிசிலி தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. உங்கள் இருவருக்கும் ஆண்டவர் நல்ல சுகத்தைத் தர வேண்டுமென்று இன்று காலைப் பூசையிலும் மன்றாடினேன். இங்கே நாங்கள் சுகம். இவருக்கு மட்டும் முழங்கால் நோ. பாண் பேக்கரியில் இருபத்தெட்டு வருடம் நின்ற கால் அல்லவா. வைத்தியர் ஓய்வு எடுக்கச் சொல்லுகிறார், இவர் தலையாட்டிவிட்டு அடுத்த நாள் வேலைக்குப் போகிறார். மகன் கொட்வின் வேலை மாறி இப்போது எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறான்.

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. குடும்பத்து வட்ஸ்அப் குழுவில் குரல்பதிவாகப் போடாமல் கடிதமாக எழுதினீர்களே, அதற்கு நன்றி. போட்டிருந்தால் நோர்வேயிலிருந்து கனடா வரைக்கும் எல்லாரும் கேட்டு எல்லாரும் அழுதிருப்பார்கள். நானும் தாளிலேயே பதில் எழுதுகிறேன். இதற்கு முன் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். ஒன்றில் கோபம் கூடிப்போயிற்று, மற்றதில் கெஞ்சல் கூடிப்போயிற்று. இது மூன்றாவது. இதிலும் கோபம் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். மகள் பிறேமா யூத வேதத்தில் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அதை உங்களுக்கு நான் சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இழுத்து, கடைசியில் இங்குள்ள மக்டலீன் அக்கா உங்களுக்குத் தொலைபேசியில் சொல்லும்படி விட்டுவிட்டேன். அந்த மனுசி உப்பும் புளியும் சேர்த்துத்தான் சொல்லியிருப்பா. ஒரு பொடியனுக்காக மாறிவிட்டாள் என்று உங்களுக்கு எழுதத் தோன்றியதும் அவவின் கைவண்ணம்தான். அண்ணை, பொடியன் ஒருவனும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும், அவனைத் திட்டியாவது ஆறியிருப்பேன். இது அவள் நான்கு வருடம் கொலோனில் படித்து, பரீட்சை மாதிரி அவர்களுடைய குருமார் மூன்று பேருக்கு முன்னால் இருந்து பதில் சொல்லி, தானாக எடுத்த முடிவு. சின்னதில் மறைக்கல்வி வகுப்பில் கேள்வி கேட்டுக் கேட்டு வெளியே நிறுத்தப்பட்டவள் என்பது உங்களுக்கும் தெரியும். ஏன் பிள்ளை என்று கேட்டபோது, “அங்க கேள்வி கேட்டால் ஒருத்தரும் வாயை மூடு எண்டு சொல்லேல்லை அம்மா” என்றாள்.

நான் உடனே கட்டிப்பிடித்து ஆசீர்வதித்தேன் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் அவளுக்கு ஹன்னா என்று பெயர் வைத்தார்கள். நம் வங்காலைக் கோயில் அன்னம்மாளின் பெயர்தான், அதை விடுங்கள். அந்தப் பத்திரத்தில் ஹன்னா, ஆபிரகாமின் மகள், சாராளின் மகள் என்று எழுதியிருக்கிறது. வேதம் மாறிவந்த எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவார்களாம். ராசனின் மகள் இல்லை, சிசிலியின் மகள் இல்லை. பத்து மாதம் சுமந்தது நான். சாராள் வந்து ஒரு நாளாவது இவளுக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டிருப்பாளா, இவளுக்குச் சின்னமுத்துக் காய்ச்சல் வந்தபோது கண் விழித்திருப்பாளா? இது எனக்கு இன்னும் செமிக்கவில்லை. அவளிடமே சொல்லியிருக்கிறேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

அந்த வருடம் நத்தார்ப் பெருநாளுக்கு அவளை வரவேண்டாம் என்று சொன்னேன். ஓம் அண்ணை, அவளை வீட்டுக்கு எடுக்காதே என்று நீங்கள் இப்போது எழுதியதை நான் அப்போதே சொல்லி முடித்தவள். பன்றி இறைச்சிக் கறி, பலகாரம், குடில், எல்லாம் வழமைபோலச் செய்தேன். கொட்வின் வந்தான். இவர் மேசையில் இருந்து கறியைத் தொடவில்லை. ஏன் என்று கேட்டதற்குப் பசியில்லை என்றார். அடுத்த நாள் காலையில் ஒரு பலகார டின்னைத் தூக்கிக்கொண்டு ஒன்றும் பேசாமல் கொலோனுக்கு ரயில் ஏறிப் போனார். அந்தப் பலகாரத்தை அவள் சாப்பிட முடியாது என்பது அவருக்குத் தெரியும். பின்னேரம் திரும்பி வந்து, “பிள்ளை சுகம்” என்றார், அவ்வளவுதான். முப்பத்துமூன்று வருடத்தில் இந்த மனுசன் என்னைக் குறை சொல்லிப் பேசினது அந்த ஒரு தரம்தான், அதுவும் பேசாமல் பேசினது.

அதற்குப் பிறகு வந்த பாஸ்கா காலத்தில் நானே அவளைக் கூப்பிட்டேன். உயிர்த்த ஞாயிறு அவர்களுடைய பாஸ்காப் பெருநாளின் கடைசி நாளாக அமைந்துவிட்டது, அந்த நாளில் அவர்களுக்குப் பயணம் கூடாது, ரயில் ஏற முடியாது என்றாள். அப்போது பெரிய வியாழன் மத்தியானம் வா என்றேன். அவர்களுடைய பெருநாள் எட்டு நாளும் கோதுமை கண்ணில் படக்கூடாது. பாண், பிஸ்கற், நூடில்ஸ் எதுவும் வீட்டில் இருக்கக்கூடாது. அவள் சேர்ந்திருக்கும் சபையின் வழக்கத்தில் சோறும் பருப்பும்கூட இல்லை. வேறு பக்கத்து யூதர்கள் சோறு சாப்பிடுவார்களாம், இந்தியாப் பக்கத்தவர்களும் சாப்பிடுவார்களாம். அப்படியென்றால் நீ இந்தியாப் பக்கத்தில் சேர்ந்திருக்கலாமே என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

இரண்டு நாள் குசினியைத் தேய்த்தேன் அண்ணை. வேலை செய்யும் ஆஸ்பத்திரிக் குசினியில்கூட நான் அப்படித் தேய்த்ததில்லை. புதுச் சட்டி, புதுக் கரண்டி, புது வெட்டுப்பலகை. செதிள் உள்ள மீனாகப் பார்த்துப் பாரை வாங்கினேன். நண்டில்லை, இறாலில்லை, கணவாயில்லை. மன்னாரில் பிறந்தவள் இவை மூன்றும் இல்லாமல் சமைப்பது எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சோற்றுக்குப் பதிலாக ஒரு பெரிய சட்டி உருளைக்கிழங்குப் பிரட்டல். கிழங்கு வாயு என்று பழக்கத்தில் ஒரு சிட்டிகை பெருங்காயமும் போட்டேன்.

அவள் மூடியைத் திறந்ததும் மணம் பிடித்துவிட்டாள். டப்பாவைக் கேட்டாள். பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது, பெருங்காயத்தோடு கோதுமை மா கலந்திருக்கிறதாம். ஐம்பது வயது தாண்டும்வரை பெருங்காயம் பெருங்காயம் என்றுதான் நினைத்திருக்கிறேன். அது மாவில் குழைத்த உருண்டை என்று எந்தத் தமிழ்க் கடைக்காரன் சொல்லித்தந்தான்? அதே கரண்டியால் மீனையும் கிளறியிருந்தேன். எல்லாம் போயிற்று. அவள் தன் பையிலிருந்து அவித்த முட்டையையும் வாழைப்பழத்தையும் எடுத்தாள்.

எனக்கு எங்கிருந்து அந்தச் சொல் வந்ததென்று தெரியாது. “என்ட கை சமைச்சது உனக்குத் தீட்டோ” என்று கேட்டுவிட்டேன். இவர் எழும்பி ஜன்னலடிக்குப் போய்விட்டார். பிறேமா எழும்பவில்லை. முட்டையை உரித்தாள், இரண்டாக வெட்டினாள், பாதியை என் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தாள். “உங்கட கையில பிழையில்லை அம்மா, டப்பாவிலதான் பிழை. சாப்பிடுங்கோ” என்றாள். சாப்பிட்டேன். எங்கள் மேசையை விட்டு அவள் எழும்பியது நாங்கள் எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான்.

போன மார்கழியில் நானே கெட்டிக்காரியாகிவிட்டேன். அவர்களுக்கு நத்தாருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெருநாள், எட்டு நாளும் விளக்கு, எட்டு நாளும் எண்ணெயில் பொரித்த சாப்பாடு. இதற்கு நான் வேதம் மாறத் தேவையில்லை, பிறந்த நாள் முதல் பொரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பத்து நாள் முந்தியே புதுச் சட்டியில், புது எண்ணெயில் கொக்கிசும் பயற்றம் பணியாரமும் சுட்டேன். கொலோனில் அவளுடைய சபைக்கும் இரண்டு டின் போயிற்று. கொக்கிஸ் என்ன, எப்படிச் செய்வது என்று கேட்டு நான்கு பேர் எழுதியிருந்தார்கள். நத்தார்க் கறியில் பன்றியை விட்டுவிட்டோம், இவருக்குக் கொழுப்புக் கூட என்று வைத்தியர் சொன்னதற்கும் அது பொருந்தியது. குடில் அதே இடத்தில்தான் இருந்தது. நான் நடுச்சாமப் பூசைக்குப் போனேன், அவள் வரவில்லை. திரும்பி வரும்போது எனக்குக் கோப்பி போட்டு வைத்திருந்தாள்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். ஆண்டவரைக் கொன்றவர்களோடு போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணை, இந்த வசனத்தை என் வீட்டில் சொல்ல வேண்டாம். எங்கள் மாடிவீட்டு வாசலில், நடைபாதையில், நான்கு பித்தளைக் கற்கள் பதித்திருக்கிறது. யூதரைக் கொன்றொழித்த காலத்தில் இதே கட்டிடத்தில் இருந்து பிடித்துக்கொண்டு போன ஒரு குடும்பத்தின் பெயர்கள். கடைசிக் கல்லில் இருக்கும் பிள்ளைக்கு ஆறு வயது. அவர்களைப் பிடித்துக்கொண்டு போனவர்களும் சின்னதில் இந்த வசனத்தைப் பாடமாக்கியவர்கள்தான். நம் திருச்சபையே அதை வேண்டாம் என்று விட்டு அறுபது வருடம் ஆகிறது என்று எங்கள் சுவாமியார் பிரசங்கத்தில் சொன்னார். தவக்காலம் தோறும் ஆண்டவரின் பாடுகளைக் காட்டும் பாஸ் நாடகத்தில் நீங்கள் தலைமைக் குரு வேசம் கட்டி, தாடி ஒட்டி, சிலுவையில் அறையும் என்று கத்துவீர்கள். அந்த ஒட்டுத்தாடிதான் யூதன் என்று நாமும் நினைத்து வளர்ந்தோம். மேடையில் நடுவில் நின்ற ஆண்டவர் யார், அவர் பெரிய வியாழன் இரவு சீடரோடு இருந்து கொண்டாடியது யாருடைய பெருநாள் என்று நம்மில் ஒருவரும் கேட்கவில்லை. இவள் கேட்டாள்.

எங்கோ நடக்கும் சண்டைக்கும் அவளைப் பதில் சொல்லச் சொல்லி இங்கே தமிழ்ச் சங்கத்தில் சிலர் கேட்கிறார்கள். சோதனைச்சாவடி ஒவ்வொன்றிலும் யாரோ செய்ததற்கு நாம் பதில் சொல்லிச் சொல்லி வந்தவர்கள். என் பிள்ளையிடம் அந்தக் கேள்வியைக் கேட்க வருகிறவர்கள் முதலில் என்னிடம் வரட்டும் என்று சொல்லிவிட்டேன்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை அண்ணை. உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், சமாதானம் பேசுவது போல ஒன்று எழுதியிருக்கிறீர்கள். அவள் வருவதென்றால் வரட்டும், உயிர்த்த ஞாயிறுச் சாப்பாட்டை அவளுக்காக மாற்றாதே, அவளுக்குக் குசினியில் தனிக் கோப்பையில் கொடு என்று. அதை வாசித்த கோபத்தில் எழுதினதுதான் நான் கிழித்துப் போட்ட முதல் தாள்.

தொண்ணூறாம் ஆண்டு ஊரைவிட்டு ஓடி, நான்கு நாள் ஒரு பெரிய வீட்டில் ஒதுங்கினோமே, மறந்துவிட்டீர்களா? அந்த ஊரின் பெயரை எழுத எனக்கு விருப்பமில்லை. சாமி கும்பிடுகிற வீடுதான், நல்ல சனம்தான், சோறு தந்தார்கள். ஆனால் குசினிப் பின்வாசலில், நமக்கென்று ஒதுக்கிய நசுங்கிய தகரக் கோப்பையில். தண்ணீரைச் செம்பு நம் கையில் படாமல் மேலிருந்து ஊற்றினார்கள். கடற்கரைச் சனம் என்று ஒரு மனுசி உள்ளே சொன்னது நம் எல்லாருக்கும் கேட்டது. உங்களுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. சோற்றோடு கோப்பையைத் தூக்கி வேலிக்கு அப்பால் எறிந்தீர்கள். அன்று இரவு நாம் எல்லாரும் பட்டினி. அம்மா உங்களை ஒரு சொல் ஏசவில்லை. அந்த நாளிலிருந்து நீங்கள் என்ன சொன்னாலும் கேட்டு வந்தவள் நான். அந்தக் கை எழுதிய கடிதமா இது?

தனக்கென்று இருக்கும் முறைப்படி அவள் ஒன்றைச் சாப்பிடாமல் விடுவது வேறு, நாம் அவளைச் சுவருக்கு அந்தப்பக்கம் வைப்பது வேறு. போன வருடம் நானும் அதைக் குழப்பித்தான் தீட்டு என்று கேட்டேன். அவள் எங்களோடு இருந்துகொண்டு முட்டை சாப்பிட்டாள். நீங்கள் எங்களோடு இராமல் கோழிக்கறி சாப்பிடச் சொல்கிறீர்கள். என் வீட்டில் ஒருவருக்கும் குசினியில் தனிக் கோப்பை கிடையாது. ராசனின் வீட்டில் இல்லை, சிசிலியின் வீட்டில் இல்லை.

ஆகவே இந்த வருடம் மேசை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், வந்து நின்று முகத்தைச் சுழிக்க வேண்டாம். உயிர்த்த ஞாயிறு அவர்களுடைய எட்டு நாளின் நடுவில் வருகிறது, ரயில் ஏறலாம் என்றபடியால் அன்றைக்கே வருகிறாள். காலையில் நாம் பூசைக்குப் போகிறோம். மத்தியானம் எல்லாரும் ஒரே மேசை, ஒரே சட்டி, அவள் சாப்பிடக்கூடிய சாப்பாடு மட்டும். கோழி கொலோனில் அவர்களுடைய கடையிலிருந்து அவளே கொண்டுவருவாள். தேங்காய்ப்பாலில் கறி வைக்கலாம், மாட்டுப்பால்தான் இறைச்சியோடு சேரக்கூடாது. பாண் இல்லை, கேக் இல்லை, சோறு இல்லை. நாற்பது நாள் தவக்காலம் இருக்கிற நமக்கு ஒரு மத்தியானம் சோறில்லாமல் போனால் உயிர் போகாது. இவருக்குப் பேக்கரியில் பெருநாளுக்குக் கொடுக்கும் பின்னல் பாணை நேரே அயல்வீட்டுக்குக் கொடுக்கப் போகிறார். போன வருடமே மா ஒட்டிய சப்பாத்தைக் கீழே நிலவறையில் கழற்றி வைத்துவிட்டு, நோகிற காலில் மேஸ் காலுறையோடு மூன்று மாடி ஏறி வந்தவர். நான் சொல்லிச் செய்ததல்ல. சாப்பிடுமுன் நீங்கள்தான் செபம் சொல்ல வேண்டும், மூத்தவர் நீங்கள். அதற்குப் பிறகு அவள் தன் செபத்தைச் சொல்லுவாள், நாம் பேசாமல் இருப்போம். உங்களுக்குப் பக்கத்துக் கதிரை அவளுடையது.

உங்கள் விசாவுக்காக வெளிநாட்டவர் அலுவலகத்தில் மூன்று தரம் தெர்மின் என்று நேரம் எடுத்து, பொறுப்பு நான் என்று கையெழுத்து வைத்தவள் நான். அதைச் சொல்லிக் காட்டவில்லை. எத்தனை ஆசையாகக் கூப்பிட்டேன் என்று தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். பதினாறு வருடமாக உங்களைப் பார்க்கவில்லை. நீங்கள் வராமல் விட்டால் எனக்கு நெஞ்சு வெடிக்கும். வெடித்தாலும் மேசையை மாற்ற மாட்டேன்.

அண்ணி, இந்தப் பகுதி உங்களுக்கு. அண்ணை வாசித்துக் காட்டாவிட்டால் தாளைப் பறித்து வாசியுங்கோ. உங்கள் கையால் காயவைத்த ஒடியல் இருக்கிறதல்லவா. பனங்கிழங்கில் கோதுமையும் இல்லை, அரிசியும் இல்லை, பருப்பும் இல்லை. கூழ் காய்ச்சலாம், பிட்டு அவிக்கலாம். பிறேமாவும் தன் சபையில் கேட்டுவிட்டாள், வேறொன்றும் கலவாமல் வீட்டில் இடித்ததென்றால் சரி என்றார்களாம். ஆனால் மில்லுக்குக் கொடுக்க வேண்டாம், அங்கே எல்லா மாவும் அரைக்கிறார்கள். உரலைக் கழுவி வெயிலில் காயவிட்டு, நீங்களே இடித்து, புதுப் பையில் கட்டுங்கோ. கடையில் வாங்கினதைப் போட்டு ஏமாற்ற வேண்டாம், என் பிள்ளை பெருங்காயத்தையே மணத்தில் பிடித்தவள்.

இந்த மாதம் இருபத்தெட்டாம் திகதி இவரும் கொட்வினும் டுசில்டோர்ப் விமான நிலையத்தில் நிற்பார்கள். நீங்கள் இருவரும் வந்து இறங்கினால் எனக்கு அன்றைக்கே உயிர்த்த ஞாயிறு. அண்ணை வரமாட்டேன் என்று நின்றால், அண்ணி, நீங்கள் தனியே வாருங்கோ. உங்களுக்கும் விசா தனிப் பெயரில்தான் வந்திருக்கிறது.

அண்ணை, கடைசியாக ஒன்று. சின்னதில் அவள் கோயிலில் முதல் நன்மை வாங்கிய நாளுக்கு நீங்கள் வந்திருந்தபோது நெற்றியில் பெருவிரலால் சிலுவை அடையாளம் போட்டு ஆசீர்வதித்தீர்கள். எந்தப் பிள்ளையைக் கண்டாலும் உங்கள் விரல் தானாக எழும்பும் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அப்படித்தான். அவள் மாறிய பிறகும் மூன்று தரம் மறந்துபோய் விரலைத் தூக்கிவிட்டேன். அவள் தள்ளிவிடவில்லை, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அதைப் பார்க்க எனக்குத்தான் வெட்கமாகப் போயிற்று. இப்போது விரலை மடக்கிக்கொண்டு உள்ளங்கையைத் தலையில் வைக்கிறேன். அவர்களும் வெள்ளிக்கிழமைகளில் தங்கள் பிள்ளைகளுக்கு அப்படித்தான் கை வைப்பார்களாம். நீங்கள் அவளுக்காக ஒன்றும் மாற வேண்டாம், அவளோடு வாதாட வேண்டுமென்றால் வாதாடுங்கள், அவளுக்கு அது பிடிக்கும். அவள் வாசலுக்கு வந்ததும் தலையில் கையை மட்டும் வையுங்கள். மாமா கை வைப்பாரோ என்று அவள் என்னிடம் இரண்டு தரம் கேட்டுவிட்டாள். தெரியாது என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆண்டவர் உங்கள் இருவரையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பாராக.

என்றும் உங்கள் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்து, இந்த ஒன்றில் மட்டும் கேட்காத தங்கை,
சிசிலி ராசன்,
பிறேமாவின் தாய்